ஹாலே நகரின் ஃபிராங்கே பள்ளிகள்: ஓர் அநாதை இல்லத்துக்குள் இத்தனை பள்ளிகள் அமைந்தது எப்படி?

பதிவு 1 · வழிப்போக்கர்

அவையோருக்கு வணக்கம். ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், சாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே நகருக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அங்கே ஃபிராங்கே அறக்கட்டளையின் பழைய அநாதை இல்லத்தின் முகப்பில் நெடுநேரம் நின்றேன். கூரைக்குக் கீழே, முக்கோண முகட்டில், சூரியனை நோக்கி எழும் இரண்டு கழுகுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப் பெலன் அடைந்து கழுகுகளைப் போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்ற ஏசாயாவின் வசனம் உடன் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்த வாயிலைக் கடந்தால் தெருவைப் போல நீண்டு செல்லும் ஒரு முற்றம். அதன் இருமருங்கிலும் கட்டடங்கள். அவற்றுள் ஒன்று, மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் நிரப்பிக் கட்டிய ஆறு அடுக்கு வீடு. அதன் கடைசிச் சன்னலை எட்ட நூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, 'லத்தீனா' எனப்படும் உயர்நிலைப்பள்ளி ஆகியவை இன்றும் அந்த வளாகத்துக்குள்ளேயே நடக்கின்றன. இடைவேளை மணி அடித்ததும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஓடி வந்து அந்த முற்றத்தை நிறைத்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் கேள்வி இதுதான். அநாதைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய ஓர் இல்லம், ஒன்றோடொன்று இணைந்த பல பள்ளிகளாக எப்படி மாறியது? எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை யார், எதைக் கொண்டு முடிவு செய்தார்கள்? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றி உடையவனாவேன்.


பதிவு 2 · ஓலைவாசகர்

ஐயா, அந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் படிப்பதற்காகப் பல மாதங்கள் தங்கியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம்: அநாதை இல்லம் தொடங்கிப் பிறகு பள்ளிகள் வந்தன என்பது சரியன்று. பள்ளிதான் முதலில் வந்தது. அநாதை இல்லம் அதன் பின்னர் வந்தது. இந்த வரிசை முக்கியமானது, ஏனெனில் நீங்கள் கேட்கும் கிளைகள் அதிலிருந்தே முளைத்தன.

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1663-இல் லூபெக் நகரில் பிறந்தவர். 1692-இல், ஹாலே நகர மதிலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற ஊருக்குப் போதகராக வந்தார். கூடவே, புதிதாக எழுந்துகொண்டிருந்த ஹாலே பல்கலைக்கழகத்தில் கீழைமொழிப் பேராசிரியர் பணியும் அவருக்கு இருந்தது. கிளௌகா அப்போது கொள்ளைநோயால் மெலிந்து, மதுக்கடைகளால் பெயர் கெட்டுக் கிடந்த ஊர். வியாழக்கிழமைதோறும் ஏழைகள் பாதிரிமனைக்குப் பிச்சைக்கு வருவார்கள். வாசலில் வைத்து ரொட்டியைக் கொடுத்து அனுப்புவதை விட்டு, அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பிள்ளைகளிடம் ஞானோபதேசக் கேள்விகள் கேட்கத் தொடங்கினார். அப்போதுதான் அவர்களுக்கு எழுத்தே தெரியாது என்பதைக் கண்டார். பள்ளிக் கட்டணத்துக்கென்று காசு கொடுத்துப் பார்த்தார்; காசை வாங்கிக்கொண்டவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

1695-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளை ஒட்டி, அவர் தம் வீட்டில் மாட்டியிருந்த தருமப் பெட்டியில் ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் (இரண்டும் அக்கால ஜெர்மன் நாணயங்கள்) போட்டுவிட்டுப் போனார். இது நேர்மையான முதல், இதைக் கொண்டு உருப்படியான ஒன்றை நிறுவ வேண்டும், ஏழைகளுக்கு ஒரு பள்ளி தொடங்குவேன் என்று அவர் அன்றே முடிவு செய்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். 2 தாலருக்குப் புத்தகம் வாங்கினார். வசதியற்ற ஒரு மாணவரை ஆசிரியராக அமர்த்தினார். தம் படிப்பறையை ஒட்டிய இடத்தையே வகுப்பாக்கினார். முதலில் பிள்ளைகளிடம் கொடுத்த 27 புத்தகங்களில் 4 மட்டுமே திரும்பி வந்தன. அவர் மனம் தளரவில்லை; மேலும் புத்தகங்கள் வாங்கி, பாடம் முடிந்ததும் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகும்படி செய்தார்.

ஏழைப் பிள்ளைகள் ஒழுங்காகப் படிப்பதைக் கண்ட நகரத்தார், கட்டணம் கொடுத்துத் தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள். அதே ஆண்டில் உயர்குடிப் பெற்றோர் சிலர் தம் புதல்வர்களை வளர்த்துப் படிப்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதுவே பெடகோகியம் என்ற விடுதிப் பள்ளியாயிற்று. ஏழைப் பள்ளியில் படித்தவர்களுள் சிலர் பெற்றோரின்றித் தவிப்பதையும், பள்ளியில் பெற்றதை அவர்கள் தெருவில் இழப்பதையும் கண்டுதான், அவர்களைத் தங்க வைத்து வளர்க்கும் எண்ணத்துக்கு ஃபிராங்கே வந்தார். 1697-இல் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தக்கவர்களுக்கென லத்தீன் பள்ளி பிறந்தது. அதே ஆண்டில் நொய்பௌவர் என்ற உதவியாளரை ஹாலந்து நாட்டு அநாதை இல்லங்களைப் பார்த்து வர அனுப்பினார். 1698 ஜூலையில் நீங்கள் கண்ட பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த இடத்தை ஒட்டி 'பொற்கழுகு' என்ற பெயருள்ள விடுதி ஒன்று இருந்தது. அதையும் ஃபிராங்கே வாங்கிவிட்டார். முகப்பில் உள்ள கழுகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதுவிடுதியின் பெயர்ப்பலகைதான் நினைவுக்கு வரும்.


பதிவு 3 · கணக்கர்

ஓலைவாசகர் ஐயாவின் பதிவில் பணத்தின் வழி விடுபட்டிருக்கிறது. நான்கு தாலரில் தொடங்கியது என்பது உள்ளத்தைத் தொடும் செய்தி. ஆனால் நான்கு தாலரில் ஆறு அடுக்கு வீடு எழாது. பள்ளிகளின் அமைப்பை அறிய வேண்டுமானால் அவற்றைச் சுமந்த தொழில்களையும் அறிய வேண்டும்.

1698-இல் பிராண்டன்பர்க் தேர்வுக்கோமான் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உடைய ஆட்சியாளர்) மூன்றாம் ஃபிரெடெரிக் ஓர் உரிமைப் பட்டயம் வழங்கினார். மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சுக்கூடம் ஆகியவற்றை நடத்தும் உரிமையும் பல வரிச்சலுகைகளும் இல்லத்துக்குக் கிடைத்தன. நன்கொடைகள் தொடர்ந்து வந்தன என்பது உண்மை. என்றாலும் நிலையான வருவாய் இந்தத் தொழில்களிலிருந்தே வந்தது. மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ரிக்டர் உருவாக்கிய 'எசென்சியா துல்சிஸ்' என்ற தங்கக் கரைசல் மருந்து, ஐரோப்பாவுக்கு அப்பாலும் விலைபோனது. ஹைன்ரிக் யூலியஸ் ஏலர்ஸ் என்பவர் ஒரே ஒரு பிரசங்கப் பிரதியை லைப்சிக் சந்தையில் மேசை போட்டு விற்கத் தொடங்கி, அதைப் பெரிய பதிப்பகமாக வளர்த்தார்.

அச்சுக்கூடத்தில் நடந்த ஒரு செயலை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். அக்காலத்தில் எந்த அச்சுக்கூடமும் சில பக்கங்களை அச்சுக்கோத்து, அடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கங்களைக் கோக்கும். ஈயம் விலையுயர்ந்த பொருள். 1710-இல் கான்ஸ்டைன் பிரபு நிறுவிய விவிலியப் பதிப்பு நிலையம் முழு நூலுக்கும் எழுத்துகளைக் கோத்து, கலைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்தது. முதற்செலவு மலைக்க வைக்கும். ஆனால் மறுபதிப்புக்குக் காகிதமும் மையும் கூலியும் மட்டுமே செலவு. புதிய ஏற்பாடு 2 குரோஷனுக்குக் கிடைத்தது. ஏழைப் பள்ளிப் பிள்ளையின் கையில் சொந்தப் புத்தகம் இருக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியதில் இந்த ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு செலவு ஆசிரியர் ஊதியம். அதை ஃபிராங்கே தீர்த்த விதம் எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்த ஏழை மாணவர்களுக்கு இல்லத்தின் உணவுக்கூடத்தில் இலவசமாகச் சாப்பாடு போட்டார். அதற்கு ஈடாக அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பள்ளிகளில் பாடம் நடத்த வேண்டும். ஒரு பருக்கைச் சோறும் வீண் போகாத ஏற்பாடு அது.


பதிவு 4 · திண்ணை ஆசிரியர்

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு உயர்நிலைப்பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கர் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். சாப்பாட்டுக்குப் பாடம் நடத்தும் மாணவர்களை ஃபிராங்கே அப்படியே வகுப்பில் விட்டுவிடவில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் ஏற்படுத்தினார். 1707-இல் அவர்களுள் சிறந்தவர்களைத் தெரிந்தெடுத்துத் தனிப்பயிற்சிக் குழு ஒன்றை அமைத்தார்: இரண்டாண்டுகள் பயிற்சி பெற வேண்டும், அதன் பிறகு மூன்றாண்டுகள் அங்கேயே கற்பிப்பதாக உறுதி கூற வேண்டும். ஆசிரியராவதற்குத் தனியே படிக்க வேண்டும் என்ற எண்ணமே பரவாத காலம் அது.

ஆனால் என்னைப் போன்ற வகுப்பறைக்காரர்களுக்கு ஹாலே தந்த பெரிய பாடம் வேறு. பெடகோகியத்திலும் லத்தீன் பள்ளியிலும் ஒரு மாணவன் எல்லாப் பாடங்களுக்கும் ஒரே வகுப்பில் இருக்கவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே படிநிலைகள் இருந்தன. அந்தப் பாடத்தில் அவன் எந்த நிலையில் இருக்கிறானோ அந்த நிலையில் உட்கார்ந்தான். லத்தீனில் மேல்படியில் இருக்கும் பையன், அடுத்த மணி நேரத்தில் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தன்னைவிடச் சிறியவர்கள் உட்கார்ந்திருக்கும் கணக்கு அறைக்குப் போவான். தேர்வில் தேறினால் அந்த ஒரு பாடத்தில் மட்டும் மேலே போவான்.

இதை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்பதை ஓர் அனுபவத்தால் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். பின்னக் கணக்கு அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே நழுவியிருந்தது. தமிழ்க் கட்டுரையில் அவளை விஞ்ச ஆளில்லை. அவளுக்கு மாலையில் தனியே பின்னம் சொல்லிக்கொடுத்தேன். முறையான நேரத்தில், யாரும் குறைவாக நினைக்காதபடி, அவள் போய் உட்காரும் ஓர் அறை பள்ளியிலேயே இருந்திருந்தால் அவளுக்கு இரண்டாண்டுகள் மிஞ்சியிருக்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓரிடத்தில் அந்த அறை இருந்தது.

பாடத்திட்டமும் குறுகியதன்று. பெடகோகியத்தில் லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு ஆகிய மொழிகளோடு புவியியல், வரலாறு, வடிவியல், தாவரவியல் ஆகியனவும் இருந்தன. ஓய்வு நேரத்தில் கடைசல் இயந்திரத்தில் மரம் கடைவதும், கண்ணாடி வில்லை தீட்டுவதும், கைவினைஞர்களின் பட்டறைகளுக்குப் போய்ப் பார்ப்பதும் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சிகள். அநாதை இல்லத்தின் கூரைக்கடியில் உள்ள அரும்பொருள் அறை, பள்ளிகளுக்கான காட்சிப் பாடமாகவே சேர்க்கப்பட்டது.


பதிவு 5 · சமன்

திண்ணை ஆசிரியர் ஐயா சொன்ன பாடவாரிப் படிநிலை பாராட்டுக்குரியதுதான். ஆயினும் அது எந்தக் கதவுக்கு உள்ளே நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. பாடத்துக்குப் பாடம் அறை மாறலாம்; ஆனால் எந்தப் பள்ளியின் வாயிலில் நுழைவது என்பதைப் பெரும்பாலும் பிறப்பு முடிவு செய்தது.

பெடகோகியம் செல்வர்க்கும் உயர்குடியினர்க்கும் உரியது. அங்கே தங்கிப் படித்த சின்சென்டார்ஃப் பிரபுவைப் போன்றவர்களுக்குத் தனி மேசையில் உணவு. லத்தீன் பள்ளி, போதகராகவும் அலுவலராகவும் ஆகப் போகும் நகரத்துப் புதல்வர்களுக்கானது. எஞ்சியவர்கள் ஜெர்மன் பள்ளிகளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஞானோபதேசம், பாட்டு ஆகியவற்றோடு நின்றார்கள். ஃபிராங்கே 1727-இல் இறந்தபோது இருந்த கணக்கைப் பாருங்கள்: பெடகோகியத்தில் 82 பேர், லத்தீன் பள்ளியில் ஏறத்தாழ 400 பேர், ஜெர்மன் பள்ளிகளில் 1,725 பிள்ளைகள். 82 பேருக்கென்று 1711 முதல் 1713 வரை தனிக் கட்டடமே எழுப்பப்பட்டது. ஒவ்வொருவரும் தம் நிலைக்குத் தக்க கல்வி பெறவேண்டும் என்பது அந்த அமைப்பின் குறைபாடன்று, அதன் கொள்கையே அதுதான். ஏழையைக் கல்வியால் உயர்த்துவதைவிட, ஏழையை நல்ல ஏழையாக வளர்ப்பதில் அது நிறைவு கண்டது என்று நான் கருதுகிறேன்.


பதிவு 6 · ஓலைவாசகர்

சமன் அவர்களின் எண்கள் சரியானவை. கொள்கை பற்றி அவர் சொன்னதையும் மறுக்கமாட்டேன். ஆனால் கடைசி வரியோடு உடன்பட இயலவில்லை.

கிளைகளுக்கு இடையே ஒரு பாதை இருந்தது. அநாதைச் சிறுவர்களின் அறிவுத்திறனைக் கவனித்து, படிப்பில் நாட்டமும் ஆற்றலும் உள்ளவர்களை லத்தீன் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களுள் பல்கலைக்கழகம் சென்றவர்கள் உண்டு. மற்றவர்கள் கைத்தொழிலுக்குப் போனார்கள். 1727-இல் இல்லத்தில் இருந்த அநாதைப் பிள்ளைகள் ஏறத்தாழ 130 பேர்தான். ஆனால் இலவச உணவு மேசையில் 250-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களும் 350-க்கும் மேற்பட்ட ஏழைப் பள்ளி மாணவர்களும் சாப்பிட்டார்கள். பணமில்லாத ஒருவன் உயர்கல்வியை முடிக்க வழி தந்த இடங்கள் அக்காலத்தில் மிகச் சில. பாதை குறுகலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதையே இல்லை என்பதை ஒப்பமாட்டேன்.

பெண்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜெர்மன் பள்ளிகளில் சிறுமிகளுக்கும் வகுப்புகள் இருந்தன; ஆசிரியைகளும் சிலர் இருந்தார்கள். 1698-இல் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. அது நீண்ட காலம் நிலைக்கவில்லை. இந்த இடத்தில் ஹாலேயின் சாதனை சிறிது. தொடங்கிப் பார்த்ததற்கு மட்டுமே அதற்குப் பெருமை உண்டு.

ஒன்றை நானே குறையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் கண்காணிப்பதில் ஃபிராங்கேயின் ஒழுங்கு மிகக் கடுமையானது. விளையாட்டை அவர் நேர விரயமாகவே கண்டார். காலையில் எழுவது முதல் இரவு படுக்கும் வரை பிள்ளையைத் தனியே விடாத அட்டவணை அது. அந்த நீண்ட வீட்டின் படிக்கட்டில் ஏறும்போது, அங்கே வளர்ந்த ஒரு பத்து வயதுச் சிறுவனுக்குத் தனக்கென்று ஒரு மூலை இருந்திருக்குமா என்று எண்ணிக்கொண்டேதான் ஏறுவேன்.


பதிவு 7 · பொறையாற்றான்

தரங்கம்பாடிக்கு அடுத்த ஊர்க்காரன் என்ற உரிமையில் நுழைகிறேன். ஹாலேயின் பள்ளி அமைப்பு எங்கள் கடற்கரைக்கு வந்த கதையை இந்த இழையில் சேர்த்தே ஆக வேண்டும்.

ஃபிராங்கேயின் வட்டத்திலிருந்து டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறு ஆண்டே பள்ளிகள் தொடங்கின. ஹாலேயில் கிளைகள் குடிநிலையால் பிரிந்தன. தரங்கம்பாடியில் மொழியால் பிரிந்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, போர்த்துக்கீசு பேசியவர்களின் பிள்ளைகளுக்குப் போர்த்துக்கீசுப் பள்ளி, ஐரோப்பியர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. 1716-இல் உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. ஹாலேயின் நிழல் அதில் நன்றாகவே தெரிகிறது.

ஆனால் அது அப்படியே எடுத்து நட்ட மரமன்று. சீகன்பால்கு தமிழ் எழுதக் கற்றது நம் திண்ணைப் பள்ளியில்தான். முதிய தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தம் மாணவர்களோடு தம் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தும்படி வேண்டினார். அந்தப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்து வரைந்து பழகினார். ஹாலேயில் படித்த ஓர் இளைஞர் அகரம் எழுதத் தமிழ்ச் சிறுவர்களைப் பார்த்துக் கற்றார் என்ற செய்தி, எங்கள் ஊரில் பிறந்த எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

ஹாலே அநாதை இல்லத்து அச்சுக்கூடத்தார் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அவை 1713-இல் வந்து சேர்ந்தன. எழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று. பின்னாளில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசிக்கு ஆசானாக விளங்கிய சுவார்ட்ஸ் பாதிரியார், 1750-இல் இங்கே வருவதற்கு முன்பே ஹாலேயில் பெஞ்சமின் ஷூல்ட்ஸிடம் தமிழ் கற்றவர். அந்த வளாகத்தில் தமிழ் ஒரு பாடமாகவே ஒலித்திருக்கிறது.

சமன் அவர்கள் எழுப்பிய கேள்வி இங்கும் உண்டு. 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்தார்கள். அதை மிஷனரிகள் பல தலைமுறைகள் பொறுத்துப் போனார்கள். சொந்த நாட்டில் பிரபுவுக்குத் தனி மேசை போட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய உறுத்தலாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.


பதிவு 8 · லைப்சிக்வாசி

ஹாலேக்கு அரைமணி ரயில் பயணத் தொலைவில் வாழ்கிறேன். என் மகன் இப்போது நான்காம் வகுப்பு. இவ்வாண்டு முடிந்ததும் அவன் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் கிம்னாசியமா, வேறு பள்ளியா என்று முடிவு செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் முன்னால் இத்தனை பெரிய கதவுகளை வைக்கிறார்களே என்ற கவலையில் இரவுகள் கழிகின்றன. ஜெர்மனி பிள்ளைகளை இப்படிக் கிளைகளாகப் பிரிப்பதற்கு ஹாலேதான் மூலமா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.


பதிவு 9 · திண்ணை ஆசிரியர்

அம்மா, நேரடியான மூலம் என்று சொல்ல இயலாது. ஆனால் ஒரு கிளைக்கு ஹாலேயோடு நெருங்கிய உறவு உண்டு. ரியால்ஷூலே, அதாவது லத்தீனை மையமாகக் கொள்ளாமல் வாழ்க்கைத் தொழிலுக்குத் தேவையான பாடங்களைக் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளி, இங்கேதான் கருக்கொண்டது. ஹாலே நகரப் போதகர் கிறிஸ்டோஃப் செம்லர் 1708-இல் கணிதமும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கி அந்தப் பெயரை வழங்கினார். அது சில ஆண்டுகளே நடந்தது. ஹாலேயில் படித்துப் பெடகோகியத்தில் கற்பித்த யோஹான் யூலியஸ் ஹெக்கர் 1747-இல் பெர்லினில் தொடங்கிய ரியால்ஷூலே நிலைத்து நின்றது. இவரே 1763-ஆம் ஆண்டுப் பிரஷ்ய நாட்டுப்புறப் பள்ளிச் சட்டத்தையும் வரைந்தவர்.

கிம்னாசியம் மற்றவற்றிலிருந்து உயர்ந்த மதிலால் பிரிந்தது, பின்னர்ப் பிரஷ்ய அரசு பல்கலைக்கழக நுழைவை அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வோடு கட்டியதால் நேர்ந்தது. 1788-இல் தொடங்கிய அந்தத் தேர்வு, 1834-இல் கட்டாயமாயிற்று. எல்லாப் பிள்ளைகளும் முதல் நான்காண்டுகள் ஒரே தொடக்கப்பள்ளியில் படிக்க வேண்டும் என்ற சட்டம் 1920-இல் தான் வந்தது. ஆகவே உங்கள் மகன் பிறர் அனைவரோடும் நான்காண்டுகள் ஒன்றாக அமர்ந்ததே ஒரு போராட்டத்தின் விளைவு.

ஹாலே வளாகமும் காலத்தோடு மாறியது. ஃபிராங்கேயின் கொள்ளுப்பேரன் ஆகஸ்ட் ஹெர்மன் நீமையர், நெப்போலியன் காலத்து நெருக்கடியில் நிறுவனத்தைக் காத்தவர். 1808-இல் நகரத்தின் மற்ற இரண்டு கிம்னாசியங்களை லத்தீன் பள்ளியோடு இணைத்தார். 1835-இல் வளாகத்திலேயே ஒரு ரியால்ஷூலேயும் பெண்களுக்கான உயர்பள்ளி ஒன்றும் சேர்ந்தன. உயர்குடியினரின் பெடகோகியம் 1870-இல் மூடப்பட்டது. சமன் அவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்: மறைந்தது, தனிக் கட்டடமே எழுப்பிய கிளைதான்.


பதிவு 10 · சமன்

குறித்துக்கொண்டேன், ஐயா. கிழக்கு ஜெர்மனி அரசின் கீழ் இந்த வளாகம் என்ன ஆயிற்று? அந்த அரசு எல்லாருக்கும் ஒரே பள்ளி என்ற கொள்கை உடையதல்லவா?


பதிவு 11 · ஓலைவாசகர்

1946 செப்டம்பரில் அறக்கட்டளை தன் சட்டத் தகுதியை இழந்தது. சொத்தும் கட்டடங்களும் மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டன. வளாகத்தில் பத்தாண்டுப் பொதுப்பள்ளி நடந்தது. மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பத் தேர்ந்த மாணவர்களை ஆயத்தப்படுத்தும் தொழிலாளர்-உழவர் கல்விப் பிரிவும் அங்கேயே இயங்கியது. ஒரே பள்ளி என்ற கொள்கைக்குள்ளும் தேர்ந்தவர்களுக்குத் தனி வாயில் ஒன்று இருந்தது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் அதன் வழியாகப் பல்கலைக்கழகம் சென்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டடங்களோ சிதைந்தன. 1960-களின் இறுதியில் வளாகத்தின் வடபுறத்தை ஒட்டி, நகரிலிருந்து அதைத் துண்டிப்பது போல ஓர் உயர்மட்டச் சாலை எழுந்தது. கூரை ஒழுகியது, மரச்சட்டங்கள் உளுத்தன. பெர்லின் சுவர் இடிந்து நாடு இணைந்த பிறகு, வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தை வளர்த்தெடுத்த பவுல் ராபே, ஓய்வு பெற வேண்டிய வயதில் ஹாலேக்கு வந்து பொறுப்பேற்றார். 1992-இல் அறக்கட்டளைக்குச் சட்டத் தகுதி மீண்டது. 2000 வரை அவர் இயக்குநராக இருந்த ஆண்டுகளில் கட்டடம் கட்டடமாகச் சீரமைப்பு நடந்தது. இன்று பழைய நூலகத்துக்குள் நுழைந்தால், 1728-இல் முடிந்த அந்தக் கூடத்தில், நாடக மேடையின் பக்கத் தட்டிகளைப் போல வரிசையாக நிற்கும் நூலடுக்குகளைப் பார்க்கலாம். நான் முதல் நாள் அங்கே போனபோது, காலடி ஓசை கேட்டுவிடுமோ என்று அஞ்சி வாசலிலேயே நின்றுவிட்டேன்.


பதிவு 12 · லைப்சிக்வாசி

விளக்கங்களுக்கு நன்றி. நேற்று மகனை அழைத்துக்கொண்டு ஹாலேக்குப் போய் வந்தேன். முற்றத்தின் மறுகோடியில் சிற்பி ராவுக் வடித்த ஃபிராங்கேயின் வெண்கலச் சிலைக்கு முன்னால் அவன் நெடுநேரம் நின்றான். அதில் போதகரின் இருபுறமும் ஒவ்வொரு பிள்ளை. லத்தீனாவில் இசைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, நகரின் பழைமையான சிறுவர் பாடகர் குழுவும் இந்த வளாகத்தைச் சேர்ந்ததுதான் என்று அறிந்ததும் அவனுக்கு ஆவல் பெருகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடக்கும் இடைநிலைப்பள்ளியும், பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்லும் கிம்னாசியமும் ஒரே முற்றத்தில், ஒரே ஃபிராங்கேயின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் அந்த மரநிழலில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தப் பள்ளி என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.


பதிவு 13 · வழிப்போக்கர்

கேட்டதைவிடப் பலமடங்கு பெற்றேன், அனைவர்க்கும் நன்றி. ஓலைவாசகர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: அடுத்த முறை ஹாலே செல்லும்போது, தரங்கம்பாடியிலிருந்து போன சுவடிகளை வெளியாள் ஒருவர் பார்க்க என்ன செய்ய வேண்டும்?


பதிவு 14 · ஓலைவாசகர்

பார்க்கலாம், ஐயா. படிக்க விரும்பும் பொருளைக் குறிப்பிட்டு ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். கூரைக்கடியில் உள்ள அரும்பொருள் அறைக்கு முன்னனுமதி தேவையில்லை, நுழைவுச்சீட்டு போதும். அங்கே தென்னிந்தியாவிலிருந்து போன பொருள்களும் நிலைப்பேழைகளில் இருக்கின்றன. படிகள் பல ஏற வேண்டும், நிதானமாக ஏறுங்கள்.